ஊர்க் கட்டுப்பாடு பெரியதா, இந்தப் புத்தகம் பெரியதா? அரசமைப்புச் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

தையல்காரி எழுதியது:

மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமம் என்னுடையது. தையல் தொழில். 2019 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினராக ஜெயித்து, 2020 ஜனவரி 6 அன்று பதவி ஏற்று, 2025 ஜனவரி 5 அன்று ‘முன்னாள்’ ஆனேன். அந்த ஐந்து வருடத்தில் நான் உருப்படியாகச் செய்தது இரண்டு தெருவிளக்கும் ஒரு சண்டையும். சண்டையைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நவம்பர் 26 அரசமைப்பு நாளுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு நிமிடம். “முகவுரையை வாசித்துவிட்டு இரண்டு வார்த்தை சொன்னால் போதும்” என்றார் தலைமையாசிரியர். அரைகுறையாகத் தைத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் நூல்கண்டும் லைனிங் துணியும் வாங்கப் போனவள், அப்படியே விசாரித்து விசாரித்து ஒரு பழைய புத்தகக் கடையில் அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பை வாங்கி வந்துவிட்டேன். தலைக்கு வைத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். இருபது நாளாக, இரவு மிஷினை மூடிய பிறகு பத்துப் பக்கம் படிக்கிறேன்.

முகவுரை பிடித்திருந்தது. “இந்திய மக்களாகிய நாம்” என்று தொடங்கி, நமக்கு நாமே வழங்கிக்கொள்வதாக முடிகிறது. எந்த ராஜாவும் மனம் இரங்கிக் கொடுத்த பட்டயம் இல்லை. அதற்குப் பிறகு உறுப்பு (ஆர்ட்டிகிள் என்பார்களே, அது), கூறு, உட்கூறு, “எனினும்”, “ஆனால்” என்று வந்து கண்ணைக் கட்டுகிறது.

போன வாரம் பாவாடைக்கு அளவு கொடுக்க வந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசி ஒத்திகை பார்த்தேன். “நாட்டில் உள்ள சட்டம் எல்லாவற்றுக்கும் இதுதான் மேலே. இதற்கு மேலே எதுவும் கிடையாது” என்றேன். இடுப்பில் டேப்பைச் சுற்றியிருக்க, கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே கேட்டாள்: “அத்தை, மந்தையில் உட்கார்ந்து போடுகிற ஊர்க் கட்டுப்பாடு பெரியதா, இந்தப் புத்தகம் பெரியதா?”

மந்தை என்பது எங்கள் ஊர்க் கூட்டம் கூடும் பொதுவிடம். அவள் சும்மா கேட்கவில்லை. அவளுடைய மாமா வீட்டை ஊர் தள்ளி வைத்து ஒரு வருடம் ஆகிறது. மகன் சாதிக்கு வெளியே கல்யாணம் செய்துகொண்டான், அவ்வளவுதான் குற்றம். திருவிழா வரி அவர்களிடம் வாங்குவதில்லை. வரி வாங்கவில்லை என்றால் ஊர்க் கணக்கில் அந்த வீடு இல்லை என்று அர்த்தம், இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காதுகுத்துக்கு அழைப்பில்லை, கடையில் கடன் இல்லை. இந்தக் கட்டுப்பாட்டை யாரும் ஒரு தாளில்கூட எழுதவில்லை. ஆனால் மீறியவர் ஒருவரும் இல்லை. நான் தூக்கி வந்த புத்தகமோ 1950 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் அதை மீறாதவர் யார்?

வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பதுபோல் பாவனை செய்து பதில் சொல்லாமல் தப்பித்தேன்.

இனி என் சண்டை. 2024 ஜனவரி 26 கிராம சபையில், கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். கை தூக்கினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் தீர்மானப் புத்தகத்தில் அந்தத் தீர்மானமே இல்லை. ஓர் அலுவலகத்துக்குப் போனேன், எது என்று எழுதமாட்டேன். “ஊராட்சிகள் தன்னாட்சி அமைப்பாக இயங்கும்படி அதிகாரம் கொடுக்க வேண்டும் என்று 40-ஆவது உறுப்பில் இருக்கிறது” என்றேன். யாரோ சொல்லிக் கொடுத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அங்கே இருந்தவர் சிரித்தார். “அம்மா, அது நெறிமுறைக் கோட்பாடு. கோர்ட்டில் கேட்க முடியாது. வெறும் ஆசை.”

ஆக, என் கேள்வி: இந்தப் புத்தகம் யாரைக் கட்டுப்படுத்துகிறது? அரசாங்கத்தையா, ஊரையா, என்னையா? கோர்ட்டில் கேட்க முடியாததை ஏன் எழுதி வைத்தார்கள்? பிள்ளைக்குப் புரிகிறமாதிரி சொல்லுங்கள். “சட்டத்தின் முன் அனைவரும் சமம்” என்று மட்டும் பதில் எழுதாதீர்கள். அதை நானே சொல்லிக்கொள்வேன்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

அக்கா, நீங்கள் மேலூரிலிருந்து மதுரைக்கு வரும் வழியில் பார்க்கும் உயர் நீதிமன்றக் கிளையில்தான் நான் வழக்கு நடத்துகிறேன். 2004 ஜூலை 24-க்கு முன்பு இதே கேள்வியைக் கேட்க நீங்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்திருக்கும்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் 13-ஆவது உறுப்பில் இருக்கிறது. அடிப்படை உரிமைக்கு முரணான சட்டம், முரண்படும் அளவுக்குச் செல்லாது என்கிறது அது. அதோடு நிற்கவில்லை. ‘சட்டம்’ என்றால் என்ன என்று விளக்கும்போது, சட்டத்தின் வலிமை பெற்ற வழக்கத்தையும் வழமையையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அதை எழுதியவர்களுக்கு, மந்தை என்ற ஒன்று இந்த நாட்டில் உண்டு என்று தெரியும்.

யாரைக் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டீர்கள். பெரும்பாலும் அரசை. 12-ஆவது உறுப்பு ‘அரசு’ என்று சொல்லும்போது டெல்லியும் சென்னையும் மட்டும் அல்ல, உள்ளாட்சி அமைப்பும் அதில் வரும். ஆகவே ஊராட்சியும் அரசுதான். வார்டு உறுப்பினராக இருந்தபோது நீங்களும் அதில் ஒரு துண்டு. ஆனால் சில இடங்களில் அரசைத் தாண்டித் தனி மனிதர்மேலும் கை வைக்கிறது. கடை, உணவு விடுதி, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றில் சாதி, மதம் போன்றவற்றைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்னும் 15(2), தீண்டாமையை ஒழித்த 17, கொத்தடிமையைத் தடுக்கும் 23, பதினான்கு வயதுக்குள் உள்ள பிள்ளையைத் தொழிற்சாலைக்கு அனுப்பாதே என்னும் 24. இவை உங்கள் ஊர்ப் பெரியவரையும் கட்டுப்படுத்தும், என்னையும் கட்டுப்படுத்தும்.

மாமா வீட்டு விஷயம்: 2011 ஏப்ரலில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம், கட்டப் பஞ்சாயத்து முற்றிலும் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு. மணமக்களில் ஒருவர் பட்டியல் சாதியாக இருந்து, அதற்காகவே அவரையும் தள்ளி வைத்திருந்தால், அந்தச் சமூகப் புறக்கணிப்பே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம்.

இப்போது அந்த அலுவலரின் சிரிப்பு. பாதி சரி, பாதி தவறு. புத்தகத்தின் நான்காம் பகுதியில் உள்ள இந்த நெறிமுறைக் கோட்பாடுகளை நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள முடியாது என்று 37-ஆவது உறுப்பே சொல்கிறது. அதே மூச்சில், நாட்டை ஆளுவதற்கு அவை அடிப்படையானவை, சட்டம் இயற்றும்போது அவற்றைக் கடைப்பிடிப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அவர் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிட்டார். காசு இல்லாத நாடு எல்லாவற்றையும் ஒரே நாளில் வழக்காடும் உரிமையாகக் கொடுக்க முடியாது என்பதால் எழுதி வைத்த கடன் பத்திரம் அது. சில கடன்கள் அடைந்தும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி என்பது முதலில் 45-இல் கோட்பாடாக இருந்தது. 2002-இல் 86-ஆவது திருத்தம் அதை 21அ என்று அடிப்படை உரிமையாக்கியது. உங்கள் 40-ஆவது உறுப்பு நாற்பது வருடத்துக்கு மேல் தூங்கியது. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்ததும் ஊராட்சிக்கென்றே ஒன்பதாம் பகுதி புதிதாக முளைத்தது. நீங்கள் 40-ஐ எடுத்துக்கொண்டு போனதுதான் பிசகு. அந்த ஒன்பதாம் பகுதியின் 243 வரிசையை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அதைக் கோர்ட்டில் கேட்கலாம்.

கேட்கலாம் என்றேனே தவிர, கேட்டதும் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஐந்து வருடம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று 243உ தெளிவாகச் சொல்கிறது. முந்தைய ஊராட்சிகளின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான், அதுவரை அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. நீங்கள் ‘முன்னாள்’ ஆன மறுநாளும் வந்தவர் தனி அலுவலர்தானே.

சாக்பீஸ் எழுதியது:

வழக்கறிஞர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உறுப்பு எண்ணைச் சொன்னால் ஊர் கேட்டுவிடும் என்கிற தொனி எனக்குச் சம்மதமில்லை. முப்பத்தொரு வருடம் உசிலம்பட்டிப் பக்கம் வரலாறு நடத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒன்பதாம் பகுதியைப் பற்றி வகுப்பில் பாடம் நடத்துவேன். மூன்றடுக்கு, இடஒதுக்கீடு, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன், “சார், எங்கள் ஊர்த் தலைவர் யார்?” என்பான். அந்த ஊருக்குத் தலைவரே கிடையாது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருடம் அங்கே தலைவர் உட்கார முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வரவில்லை, வந்து ஜெயித்தாலும் கையோடு ராஜினாமா. உறுப்பு 243ஈ அச்சில் அப்படியேதான் இருந்தது, ஓர் எழுத்தும் குறையவில்லை. உங்கள் மேலூர்ப் பக்கத்து மேலவளவில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும், அம்மா. ஒதுக்கப்பட்ட பதவியில் துணிந்து உட்கார்ந்த தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள்.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. புதிதாக ஒரு திருத்தம் வந்ததா? இல்லை. அதே புத்தகம்தான். மாவட்ட நிர்வாகம் வீடு வீடாகப் போய்ப் பேசியது. கட்சிகளும் இயக்கங்களும் விடாமல் நின்றன. ஊரிலும் சிலர் மனம் மாறினார்கள். 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் கிராம சபைக்கென்று வந்து உட்கார்ந்தது அதே பாப்பாபட்டியில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வயதானவன் பேச்சை யாராலும் நிறுத்த முடியாது. மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை உள்ளே விடப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் முதலானவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. இந்துப் பொதுக் கோயில்களை எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் போடலாம் என்று 25(2)-இல் எழுதியது அதற்குப் பத்து வருடம் கழித்து. அதாவது சில வரிகளை நடந்து பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்கள், சில வரிகளை எழுதி வைத்துவிட்டு இனிமேல்தான் நடக்க வேண்டியிருக்கிறது. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அவையில் பேசியதும் இதுதான்: அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் ஏற்றத்தாழ்வும் கொண்ட ஒரு முரண்பாட்டுக்குள் நுழையப்போகிறோம் என்று எச்சரித்தார். பிள்ளையிடம் “புத்தகம்தான் பெரியது” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு உங்களைப் பொய் சொன்னவள் என்பாள்.

சந்தேகப்பேர்வழி எழுதியது:

2023 வரைக்கும் 106 திருத்தம். டெல்லியில் ஆள் பலம் இருந்தால் எதையும் அடித்து எழுதலாம். ஊர்க் கட்டுப்பாடாவது தாத்தா காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது. எது பெரியது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைமடைக்காரன் எழுதியது:

சந்தேகப்பேர்வழி கண்மாயைப் பார்த்ததில்லைபோல் இருக்கிறது. ஏம்மா தையல்காரி, உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் பெரியாற்றுத் தண்ணீரில் ஒருபோகம் பார்க்கிறவர்கள்.

கண்மாயில் மடையை எந்த நாள் திறப்பது, முதல் முறை எந்தப் பற்றுக்கு, நீர்பாய்ச்சிக்கு எத்தனை மரக்கால் நெல் என்பதையெல்லாம் கூட்டம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மாற்றத்தான் வேண்டும், மழை வருடா வருடம் ஒரேமாதிரியா பெய்கிறது? ஆனால் கலிங்கு மட்டம் என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட்டால் தானாக மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போய்விடும். அதில் ராத்திரியோடு ராத்திரியாக மண்மூட்டை அடுக்கி இரண்டடி உயர்த்துகிறவன், “எங்கள் ஆயக்கட்டில், அதாவது எங்கள் பாசன நிலத்தில், தலை அதிகம்” என்பான். தலை அதிகமாக இருந்தால் கரை தாங்குமா? மேலே இருப்பவன் வயல் முழுகும், கீழே இருப்பவன் காய்வான்.

1973 ஏப்ரல் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் பதின்மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து, ஏழுக்கு ஆறு என்ற கணக்கில் சொன்னது இந்தக் கலிங்குக் கதைதான். கேசவானந்த பாரதி வழக்கு. 368-ஆவது உறுப்பின்படி நாடாளுமன்றம் எந்த உறுப்பையும் திருத்தலாம், அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்க முடியாது. ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கலிங்கே இல்லை என்று ஆகியிருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். கலிங்குக் கல் இந்த இடத்தில் என்று புத்தகத்திலும் எழுதவில்லை, வழக்குக்கு வழக்கு அவர்கள்தான் அளந்து சொல்கிறார்கள். இது எனக்கும் முழுக்கப் பிடித்த ஏற்பாடு இல்லை.

ஆனால் அதனால்தான் எங்களுக்குத் தண்ணீர் வந்தது. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2006 பிப்ரவரியில் தீர்ப்பு. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிதான் என்று சட்டம் போட்டது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டத்தை அடித்துவிட்டது. நீதிமன்றம் முடித்த வழக்கைச் சட்டமன்றம் கை தூக்கி இல்லாமல் ஆக்க முடியாது, அதிகாரப் பிரிவினை என்று ஒன்று இருக்கிறது என்றது. அதுவும் அந்தக் கலிங்கில் ஒரு கல். அன்றைக்கு எங்கள் ஊரில் வெடி வெடித்தோம்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

ஐயா, அதே 2014 மே 7 அன்றுதான் ஜல்லிக்கட்டுத் தடைத் தீர்ப்பும் வந்தது. ஒரு கையில் வெடி, மறு கையில் கறுப்புக்கொடி. நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம், அக்கா. அலங்காநல்லூர் என்றால் வகுப்பில் தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். கேரளத்தின் சட்டம் விழுந்தது, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நாம் போட்ட சட்டம் மட்டும் எப்படி நின்றது? ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உண்டு: ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல். மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் வருகிறது. இரண்டு பேரும் சட்டம் போடலாம், மோதினால் மத்தியச் சட்டமே நிற்கும். ஆனால் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றிருந்தால் அந்த மாநிலத்துக்குள் அது நிற்கும் என்று 254(2) ஒரு வாசல் வைத்திருக்கிறது. நம் ஆட்கள் அந்த வாசல் வழியாகப் போனார்கள். “தீர்ப்பு செல்லாது” என்று எழுதவில்லை, தீர்ப்புக்கு ஆதாரமாக இருந்த சட்டத்தைத் திருத்தினார்கள். 2023 மே 18 அன்று அரசமைப்பு அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. கண்மாய் ஒன்றுதான்: ஒருவர் கலிங்கில் கை வைத்தார், மற்றவர் மடையைத் திறந்தார்.

தையல்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சாக்பீஸ் ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. மேலவளவு எங்கள் வீட்டிலிருந்து வெகு தூரம் இல்லை.

கடைமடைக்கார அண்ணன் கலிங்கு என்றார். எனக்கு என் தொழில் வழியாகப் பார்த்தால்தான் புரிகிறது. ஜாக்கெட் தைக்கும்போது உள்ளே ஒரு விரற்கடை துணி விட்டுத்தான் தைப்போம், உடம்பு போட்டால் பிரித்து விடுவதற்கு. பிடித்தும் தைக்கலாம், கை நீளத்தைக் குறைக்கலாம். ஆனால் ஜாக்கெட்டைப் பிரித்து மஞ்சள் பை தைத்துக் கொடுத்துவிட்டு, ஆல்டர்தான் செய்தேன் என்று கூலி கேட்டால் யாராவது கொடுப்பார்களா? சந்தேகப்பேர்வழித் தம்பிக்கு இதுதான் என் பதில். அப்புறம், தாத்தா காலத்திலிருந்து மாறவில்லை என்கிறாரே, தாத்தா காலத்தில் என்னை வார்டு உறுப்பினராக மந்தையில் உட்கார விட்டிருப்பார்களா?

பாவாடை வாங்க அந்தப் பிள்ளை நேற்று வந்தாள். 13-ஆவது உறுப்பைத் திறந்து, ‘வழக்கம்’ என்ற சொல்லின் கீழ் விரலை வைத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள். “புத்தகம்தான் பெரியது. ஆனால் அதற்குக் கால் இல்லை” என்றேன். அவள் விடவில்லை. “அப்படியென்றால் மாமா வீட்டுக்கு இதை யார் எடுத்துக்கொண்டு போவது?” என்றாள். இந்தத் தடவை வாயில் ஊசி வைத்துக்கொள்ள முடியவில்லை. நான் போவதாகச் சொல்லிவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் 13, 15(2), 17, 243, இந்த நான்கு எண்களை மட்டும் சொல்வேன், பிறகு அலங்காநல்லூர். முகவுரையைத் தலைமையாசிரியரே வாசிக்கட்டும். நான்கு நிமிடம் தாண்டினால் தாண்டட்டும்.

கறுப்புக்கோட்டுத் தங்கைக்கு இரண்டு கேள்விகள். மாமா வீட்டில் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் கிடையாது. அவர்கள் எங்கே போக வேண்டும்? என்னுடைய காணாமல் போன தீர்மானத்துக்கு யார் பெயருக்கு மனு எழுதுவது? இந்தத் தடவை 40 என்று எழுதமாட்டேன்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

மாமா வீட்டில் இருந்து அத்தையை மனுப் போடச் சொல்லுங்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் கொடுக்கும். தாலுகா அளவிலும் குழு உண்டு, நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். இந்த இலவச உதவி 39அ-விலிருந்து வந்தது. உங்கள் அலுவலர் “வெறும் ஆசை” என்று சிரித்தாரே, அதே நான்காம் பகுதி.

தீர்மானத்துக்கு, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். “2024 ஜனவரி 26 கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களின் சான்றிட்ட நகல், வருகைப் பதிவேட்டின் நகல்” என்று மட்டும் கேளுங்கள். காரணம் எழுத வேண்டாம், கோபமும் வேண்டாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், முதல் மேல்முறையீட்டை நானே எழுதித் தருகிறேன்.